பர்ஸ்டன் கிராமத்து டீச்சர்
(விவசாயத் தொழிலாளர், பஞ்சாலைத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று மாலை நாம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் பெயர் ஆனி காத்தரீன் ஹிக்டன். வேண்டியவர்கள் கிட்டி என்று கூப்பிடுவார்கள். நாமும் கிட்டி டீச்சர் என்றே சொல்வோம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே பர்ஸ்டன் என்ற சிறு கிராமத்தில் அவர் வேலை பார்த்தார்.

"இங்கிலாந்துக்காரி கதை நமக்கு எதற்கு? நம்மை அடிமைப்படுத்தி ஆண்டவர்கள்தானே அவர்கள்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கதையை முழுக்கக் கேளுங்கள். பிறகு, கிட்டி டீச்சர் ஆண்டவர்கள் பக்கமா, நம் பக்கமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அதற்கு முன் நம் சொந்த அனுபவம் ஒன்று. நாம் பத்தாவது வரைதான் படித்தோம். அறுப்புக் காலம் வந்தால் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். வாத்தியார் பெயரைக் கூப்பிடுவார். பதில் வராது. ‘ஆப்சென்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். "அந்தப் பையன் எங்கே? யார் வயலில் நிற்கிறான்? அவனை அங்கே நிறுத்தியது யார்?" என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. நமக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. மழை, வெயில் மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம்.

கிட்டி டீச்சர் கேட்டார். அதனால் அவர் வேலை போயிற்று. அதை எதிர்த்து எழுந்த போராட்டம் 25 ஆண்டு நடந்தது.

யார் வீட்டுப் பிள்ளைகள்?

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். கிட்டி டீச்சர் 1864ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கப்பல் கட்டும் தொழிலாளி. அவருடைய கணவர் டாம் ஹிக்டனும் வாத்தியார்தான். அவர் 1869ல் தென்மேற்கு இங்கிலாந்தில் சோமர்செட் மாவட்டத்தில் பிறந்தார். டாமின் தகப்பனார் யார் தெரியுமா? விவசாயக் கூலித் தொழிலாளி! ஆக, ஒருவர் வீட்டில் உளியும் சுத்தியலும், மற்றவர் வீட்டில் மண்வெட்டியும் அரிவாளும்.

1896ல் இருவரும் மணந்துகொண்டார்கள். லண்டனில் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். 1902ல் நார்போக் மாவட்டத்துக்கு வந்து வுட் டாலிங் என்ற கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள். கிட்டி தலைமை ஆசிரியை. டாம் உதவி ஆசிரியர். மனைவி மேலே, கணவன் கீழே! அந்தக் காலத்தில் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் டாமுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. கடைசி வரை இருவரும் அப்படியே வேலை செய்தார்கள்.

அவர்கள் இருவரும் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே சோஷலிசம் பேசியவர்கள். "ஏழைக்கு நியாயம் செய்" என்று வேதம் சொன்னால் அதை ஞாயிற்றுக்கிழமையோடு மறந்துவிடக் கூடாது என்று நினைத்தவர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

குழந்தையின் நேரம் யாருக்குச் சொந்தம்?

கிராமத்துக்கு வந்து பார்த்தபோது கண்டது என்ன? விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் பண்ணைக்காரர்கள் பையன்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல் பொறுக்க, பறவை விரட்ட, கிழங்கு தோண்டச் சின்னக் கைகள் வேண்டும். பெரிய ஆளுக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு பகுதி கொடுத்தால் போதும் அல்லவா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வரவேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1880லேயே வந்துவிட்டது. 12 வயது வரை படிக்க வேண்டும் என்று 1899ல் விதித்தார்கள். அப்படியானால் ஏன் நடக்கவில்லை? பள்ளி நிர்வாகக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அதே பண்ணைக்காரர்கள்! அவர்களுக்குத் துணை பாதிரியார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது?

பஞ்சாலைத் தோழர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே காலத்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் 12 வயதுக் குழந்தை பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் இருக்கும். ‘அரை நேரக் குழந்தை’ என்று அதற்குப் பெயர். காலையில் இழை ஓட்டிய பிள்ளை மத்தியானம் பாடத்தில் தூங்காமல் என்ன செய்யும்? அந்த முறையை ஒழிக்க 1918ல்தான் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர 1921 ஆயிற்று. வயலானாலும் ஆலையானாலும் முதலாளியின் கண் குழந்தையின் நேரத்தின் மேல்தான்.

டாம் வாத்தியாருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. வயலுக்கு இழுத்துக்கொண்டு போன ஒவ்வொரு பையனும் அவருக்குத் தன் தகப்பனாரின் சிறுவயதை நினைவூட்டியிருக்க வேண்டும். கணவனும் மனைவியும் பண்ணைக்காரர்களை நேருக்கு நேர் தட்டிக் கேட்டார்கள். பள்ளிக் கட்டிடம் ஈரமாக இருக்கிறது, குளிருக்கு நெருப்பு இல்லை, காற்றும் வெளிச்சமும் போதாது, சுகாதார வசதி இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். தங்கள் சம்பளத்திலிருந்தே ஏழைப் பிள்ளைகளுக்குச் செருப்பும் துணியும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் செருப்பு வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா? தகப்பனுக்கு நியாயமான கூலி கிடைத்தால் அவனே வாங்கிக் கொடுப்பானே! இங்கேதான் டாம் வாத்தியார் சாதாரணத் தர்மவான்களிடமிருந்து பிரிந்து வேறு வழியில் போனார். 1906ல் நார்போக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று பிறந்திருந்தது. அதை அமைத்தவர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ். அவரே ஆறு வயதில் காக்கை விரட்டப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம்தான் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்தச் சங்கத்துக்காக டாம் வாத்தியார் சைக்கிள் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார். வாரமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம். ஓய்வு நாளில் தகப்பன்மார்களுக்குச் சங்கம்.

1910ல் வுட் டாலிங் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் தொழிலாளர்கள் நின்று ஜெயித்தார்கள். பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கமிட்டிக்கு மரியாதை காட்டவில்லை என்று டீச்சர் மேல் புகார் எழுதினார்கள். விளைவு, இருவரையும் அந்த ஊரிலிருந்து மாற்றினார்கள். 1911 தொடக்கத்தில் அவர்கள் பர்ஸ்டன் வந்து சேர்ந்தார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறியது

பர்ஸ்டனிலும் அதே ஈரக் கட்டிடம், அதே நிர்வாகம். அதே 1911ல் அந்த ஊருக்கு சார்லஸ் டக்கர் ஈலண்ட் என்ற பாதிரியார் வந்தார். பள்ளிக் கமிட்டியின் தலைவரும் அவரே ஆனார். அவருக்குப் பெரிய வீடு, கோயில் மானிய நிலம், ஆண்டுக்கு 500 பவுனுக்கு மேல் வருமானம். அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். நார்போக் விவசாயத் தொழிலாளிக்கு வாரக்கூலி 12 அல்லது 13 ஷில்லிங். வருஷம் முழுதும் ஒருநாள் தவறாமல் உழைத்தாலும் 35 பவுனை எட்டாது. தொழிலாளி 14 வருஷம் முதுகு ஒடிந்து சம்பாதிப்பதைப் பாதிரியார் ஒரே வருஷத்தில் வாங்கினார்! இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில்தான் முழங்காலிட வேண்டும்.

1913 மார்ச்சில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அங்கே கிராமக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கித்தான் ஓட்டுப் போடவேண்டும். பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கொடுத்த வேலை, அவர் கொடுத்த குடிசை. கை தூக்கினால் நாளைக்கு இரண்டும் போகலாம். அப்படியும் தொழிலாளர்கள் கையைத் தூக்கினார்கள், தோழர்களே! டாம் வாத்தியாருக்கு எல்லாரையும்விட அதிக ஓட்டு. பாதிரியாருக்கு எல்லாரையும்விடக் குறைந்த ஓட்டு.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் பழமொழி. பர்ஸ்டனில் அது அம்பலம் ஏறிவிட்டது. பாதிரியாரால் இதைச் சகிக்க முடியவில்லை. டாம் வாத்தியாரைச் சங்கத்துக்காகத் தண்டித்தால் ஊர் சிரிக்கும். ஆகவே தலைமை ஆசிரியையின் மேல் குற்றப்பத்திரிகை தயாராயிற்று.

என்ன குற்றம்? ஒரு மழை நாள் காலையில் மைல் கணக்கில் நடந்து நனைந்து வந்த பிள்ளைகளின் உடுப்பை உலர்த்த, கமிட்டித் தலைவரின் அனுமதி இல்லாமல் பள்ளியில் நெருப்பு மூட்டினார். இது ஒன்று. கமிட்டிக்கு மரியாதை காட்டவில்லை. இது இரண்டு. அனாதை விடுதியிலிருந்து அந்த ஊரில் தங்க வைக்கப்பட்டிருந்த இரண்டு சிறுமிகளைப் பிரம்பால் அடித்தார். இது மூன்று. பிள்ளைகளை அடிப்பதையே எதிர்த்தவர் கிட்டி டீச்சர்! அவர் மறுத்தார், பெற்றோர்களும் நம்பவில்லை. ஆனால் கல்வி அதிகாரிகளின் விசாரணை டீச்சருக்கு எதிராகவே முடிந்தது. இருவருக்கும் வேலை நீக்க உத்தரவு வந்தது. குடியிருந்த பள்ளி வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள்.

பிள்ளைகள் எழுந்தார்கள்

1914 ஏப்ரல் 1. காலையில் புதிய ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்து காத்திருந்தார்கள். பள்ளியில் மொத்தம் 72 பிள்ளைகள். அவர்களில் 66 பேர் உள்ளே போகவில்லை! எங்கள் டீச்சரைத் திருப்பிக் கொடுங்கள், நியாயம் வேண்டும் என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஊர்வலம் வந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவள் வயலட் பாட்டர் என்ற 13 வயதுச் சிறுமி.

ஒருநாள் கூத்து என்று மேலிடம் நினைத்தது. ஆனால் நடந்தது என்ன? ஊர்ப் பொதுப்புல்லில் திறந்த வெளியில் கிட்டி டீச்சர் வகுப்பைத் தொடங்கினார். மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும் நடந்தது. வீடுகளிலிருந்து நாற்காலியும் மேசையும் வந்தன. பிள்ளைகளின் வருகைப் பதிவு ஒழுங்காக எழுதப்பட்டது. குளிர் வந்ததும் காலியாகக் கிடந்த ஒரு தச்சுப் பட்டறை பள்ளிக்கூடமாயிற்று. வீட்டை இழந்த டாமுக்கும் கிட்டிக்கும் மாவு மில்லுக்காரர் வீட்டில் இடம் கிடைத்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று 18 பெற்றோர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். தலைக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம். வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே! பண்ணைக்காரர் பையனை வயலுக்கு இழுத்தபோது சட்டம் கண்ணை மூடிக்கொண்டது. தாய் தகப்பன் தங்களுக்குப் பிடித்த டீச்சரிடம் அனுப்பியபோது சட்டம் கண்ணைத் திறந்துகொண்டது! வாரக்கூலி 13 ஷில்லிங்கில் இரண்டரை ஷில்லிங் என்பது விளையாட்டா? ஊர் கூடி வசூல் செய்து கட்டியது. மறுபடியும் வழக்கு, மறுபடியும் அபராதம், மறுபடியும் வசூல். பிள்ளைகள் ஒழுங்காக ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கையில் இந்த வழக்கை எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று.

பாதிரியார் வேறு ஆயுதத்தை எடுத்தார். கோயில் நிலத்தில் துண்டு துண்டாகக் குத்தகை வைத்திருந்த ஏழைகளுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீசு போயிற்று. ஊர் என்ன செய்தது? ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியது. பிரார்த்தனையையும் பொதுப்புல்லிலேயே வைத்துக்கொண்டது.

கல்லும் காசும்

ஒரு கிராமம் தனியாக எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? இங்கேதான் ஆலைத் தொழிலாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் கதைக்குள் வருகிறார்கள். ரயில்வே தொழிலாளர் சங்கம் உதவிக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கம் பணம் அனுப்பியது. ஊர் ஊராகத் தொழிற்சங்கக் கிளைகளும் சோஷலிஸ்டுக் கிளைகளும் வசூல் செய்தன. டாம் மான், ஜார்ஜ் லான்ஸ்பரி, சில்வியா பாங்கர்ஸ்ட் போன்ற தலைவர்கள் வந்து ஆதரவு தந்தார்கள். 1917க்குள் 1,250 பவுன் சேர்ந்தது. அது 1914-18 உலக யுத்தத்தின் நடுவேளை. விலைவாசி ஏறிக் கிடந்தது. அந்த நேரத்திலும் தொழிலாளி தன் காசில் ஒரு பங்கை, தான் கண்ணால் பார்த்திராத ஒரு கிராமத்துக்கு அனுப்பினான்.

அந்தப் பணத்தில் பொதுப்புல்லின் ஓரத்திலேயே சொந்தப் பள்ளிக்கூடம் எழுந்தது. 1917 மே 13ல் திறந்தார்கள். திறந்து வைத்தது யார்? மந்திரியா, பிரபுவா? வயலட் பாட்டர்! 1914ல் ஊர்வலத்தின் முன்னால் நடந்த அதே பெண். கட்டிடத்தின் முன் சுவரில் கற்களில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பணம் கொடுத்த சங்கங்களின் பெயர், கிளைகளின் பெயர், ஆதரவாளர்களின் பெயர். இன்றைக்கும் போனால் படிக்கலாம்.

அந்தப் பள்ளி 22 ஆண்டு நடந்தது. புல்வெளியும் தச்சுப் பட்டறையும் சேர்த்தால் 25 ஆண்டு. இங்கிலாந்தின் சரித்திரத்திலேயே மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

தோழர்களே, உண்மையை மறைக்கக் கூடாது. டீச்சருக்கு அரசாங்க வேலை திரும்பக் கிடைக்கவில்லை. "தவறு செய்துவிட்டோம்" என்று மேலிடம் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் வேலைநிறுத்தம் ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள், பண்ணைக்காரரின் அனுமதி கேட்காத பள்ளிக்கூடத்தில் படித்து வெளியே வந்தார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

டாம் வாத்தியார் 1939 ஆகஸ்டில் காலமானார். கிட்டி டீச்சருக்கு அப்போது வயது 74. தனியாக நடத்த உடம்பில் தெம்பு இல்லை. கடைசியாக இருந்த 11 பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கு மாறினார்கள். 1946ல் டீச்சரும் காலமானார். பாதிரியார் ஆட்சி செய்த அதே கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் பள்ளிக் கட்டிடம் இன்று காட்சிசாலையாக நிற்கிறது. 1984 முதல் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று தொழிற்சங்கங்கள் கொடி பிடித்து அங்கே கூடுகின்றன. பிள்ளைகள் 1914ல் நடந்த அதே பாதையில் நடக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்று 2009ல் சட்டம் இயற்றினார்கள். அது அமுலுக்கு வந்த தேதி 2010 ஏப்ரல் 1. பர்ஸ்டன் பிள்ளைகள் தெருவில் இறங்கிய அதே தேதி! சட்டம் வந்தது நல்லது. ஆனால் பர்ஸ்டன் காட்டுவது என்ன? 1880லேயே அங்கே சட்டம் இருந்தது. கமிட்டியில் பண்ணைக்காரர் இருக்கிற வரையில், கூலி 13 ஷில்லிங்காக இருக்கிற வரையில், அது காகிதமாகவே கிடந்தது. 2016ல் நம் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்த வாசல் வழியாக யார் வீட்டுப் பிள்ளை போகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்று காரியங்களை இன்று இங்கிருந்து எடுத்துக்கொண்டு போவோம்.

ஒன்று: நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குக் கூலி போனாலும் போவோம். தாய்மார்கள் அவசியம் போகவேண்டும். கட்டிடம் ஒழுகினால், கழிப்பறை இல்லையானால் அங்கே எழுந்து பேசுவோம்.

இரண்டு: வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளை எங்கே என்று சங்கக் கிளை விசாரிக்க வேண்டும். தாய் தகப்பனைத் திட்டுவதற்காக அல்ல. அந்த வீட்டில் கூலிப்பாக்கி இருக்கிறதா, கடன் நெருக்குகிறதா என்று பார்த்து, அதற்கு வழி செய்வதற்காக.

மூன்று: நம் ஊரிலும் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ராத்திரியில் விளக்கு வைத்துக் கூலிக்காரனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், சேரிப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள், அதற்காக மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்கள் யார், எங்கே பிறந்தார்கள், குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? ஊரில் வயதானவர்களைக் கேட்டு எழுதி வைப்போம். நம்மில் எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். பிரபுக்களின் வம்சாவளியை எழுதி வைக்க ஆள் இருக்கிறது. கிட்டி டீச்சர் மாதிரி ஆட்களின் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வியை உங்களிடம் விட்டோம். ஆண்டவர்கள் பக்கமா, நம் பக்கமா என்று. நனைந்து வந்த கூலிக்காரன் பிள்ளையின் உடுப்பை உலர்த்த நெருப்பு மூட்டியதற்காக வேலையை இழந்த டீச்சர் எந்தப் பக்கம் என்று இப்போது நீங்கள் சொல்லுங்கள், தோழர்களே!